சி.பி.ஐ.க்கு மாற்றக் கேட்கும் மனு

2025 அக்டோபர் 3-ஆம் தேதி. சென்னை உயர் நீதிமன்றத்தின் இரண்டு இடங்களில் கரூர் நெரிசல் பற்றிய மனுக்கள் விசாரணைக்கு வந்தன. அதற்கு ஆறு நாள் முன்பு, செப்டம்பர் 27 அன்று, வேலுசாமிபுரத்தில் நடந்த தமிழக வெற்றிக் கழகப் பிரசாரக் கூட்டத்தின் நெரிசலில் சிக்கி 41 பேர் இறந்திருந்தார்கள். சி.பி.ஐ. விசாரணை கேட்டுப் போட்ட மனுக்களை மதுரைக் கிளை ஏற்கவில்லை. அதே நாளில் சென்னையில் தனி நீதிபதி ஒருவர், ஐ.ஜி. அஸ்ரா கார்க் தலைமையில் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்து உத்தரவிட்டார். சென்னையில் இருந்த மனு கேட்டதோ, பிரசாரக் கூட்டங்களுக்கு வழிகாட்டு நெறிமுறைகள் வகுக்க வேண்டும் என்பதைத்தான்.

அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.க்கு மாற்றியது. ஓய்வுபெற்ற நீதிபதி அஜய் ரஸ்தோகி தலைமையில் மூவர் குழுவைக் கண்காணிப்புக்கு நியமித்தது. மதுரைக் கிளையின் எல்லைக்குள் வரும் கரூர் வழக்கைச் சென்னையில் எடுத்தது ஏன், கேட்காத பரிகாரம் எப்படிக் கிடைத்தது என்ற கேள்விகளையும் எழுப்பியது.

அந்த வாரம் முழுக்க மதுரை ஒத்தக்கடை உயர் நீதிமன்ற வளாகத்தில் இதே பேச்சு. கிளை 2004-இல் தொடங்கிய காலத்திலிருந்து அங்கே குற்றவியல் வழக்குகள் நடத்திவரும் வழக்கறிஞர் ஒருவரிடம் அவருடைய ஜூனியர்கள், “எந்த உத்தரவு சார் சரி?” என்று கேட்டார்கள். “முதல்ல மனுவோட கடைசிப் பக்கத்தைப் படிங்க” என்றார் அவர். கேட்டது என்ன, கொடுத்தது என்ன, உத்தரவால் பாதிக்கப்படுபவர் தரப்பைக் கேட்டார்களா, எந்த ஆவணத்தைப் பார்த்துக் கொடுத்தார்கள். இந்த நான்கையும் பார்த்தாலே மேல்முறையீட்டில் அந்த உத்தரவு நிற்குமா என்று தெரிந்துவிடும் என்பது அவருடைய அனுபவம்.

பாதிக்கப்பட்டவர் தரப்பில் மாற்றம் கேட்டும், குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பில் மாற்றத்தை எதிர்த்தும் அவர் வாதாடியிருக்கிறார். இரண்டு பக்கமும் நின்றவர் என்பதால் இந்த மனுவின் பலமும் பலவீனமும் அவருக்குத் தெரியும்.

அவருடைய அலுவலகத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர், கணவனை இழந்த மனைவி. கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் மனு ரசீதுகள், காவல் நிலையம் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீது, முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு அனுப்பிய மனுவின் நகல். உட்கார்ந்ததும் சொல்வது ஒன்றுதான்.

“சார், இந்த ஸ்டேஷன் மேல எங்களுக்கு நம்பிக்கையே இல்ல. எப்படியாவது சி.பி.ஐ.க்கு மாத்திக் குடுத்துருங்க.”

“நம்பிக்கை இல்லைன்னா மட்டும் ஜட்ஜ் மாத்தமாட்டாரும்மா. அவங்க என்ன செய்யலை, அதைச் சொல்லுங்க. தேதியோட சொல்லுங்க.”

அதன்பிறகு ஒரு நீளத்தாளை எடுத்து நடுவில் கோடு போடுவார். இடப்பக்கம் தேதி, வலப்பக்கம் நடந்தது. புகார் கொடுத்த நாள், முதல் தகவல் அறிக்கை பதிவான நாள், அது மாஜிஸ்திரேட்டுக்குப் போய்ச் சேர்ந்த நாள், பிரேதப் பரிசோதனை நடந்த நேரம், சம்பவ இடத்துக் கேமரா பதிவைக் கேட்டு மனு கொடுத்த நாள், சாட்சியைக் கூப்பிடாமல் விட்ட நாட்கள். இரண்டு பக்கமும் நிரம்பிய பிறகு பார்த்தால், குடும்பத்தினர் கோபத்தோடு சொன்ன முக்கால்வாசிச் சங்கதிகள் தாளில் இருக்காது. அவர்கள் பெரிதாக நினைக்காத ஒரு தேதி மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். மனுவுக்கு அந்தத் தேதிதான் உயிர்.

இப்படிச் செய்வதற்குச் சட்டத்தில் காரணம் இருக்கிறது. சி.பி.ஐ. இயங்குவது 1946-ஆம் ஆண்டின் டெல்லி சிறப்புக் காவல் நிறுவனச் சட்டத்தின் கீழ். அந்தச் சட்டத்தின் 6-ஆவது பிரிவுப்படி, மாநில அரசின் ஒப்புதல் இல்லாமல் ஒரு மாநிலத்துக்குள் சி.பி.ஐ. விசாரிக்க முடியாது. காவல் துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. 1989, 1992 ஆண்டுகளில் சில வகைக் குற்றங்களுக்குக் கொடுத்திருந்த பொது ஒப்புதலைத் தமிழ்நாடு 2023 ஜூன் 14-ஆம் தேதி திரும்பப் பெற்றுவிட்டது. அப்படியிருக்க, மாநிலம் வேண்டாம் என்று சொல்லும்போது நீதிமன்றம் மட்டும் எப்படி சி.பி.ஐ.யை அனுப்ப முடியும்?

இந்தக் கேள்விக்கு மேற்கு வங்க வழக்கில் விடை கிடைத்தது. 2001 ஜனவரியில் மிதுனப்பூர் மாவட்டத்தில் திரிணமூல் காங்கிரஸ் தொண்டர்கள் கொல்லப்பட்ட வழக்கை கல்கத்தா உயர் நீதிமன்றம் சி.பி.ஐ.க்கு மாற்ற, மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2010 பிப்ரவரி 17 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அரசியல் சாசனத்தின் 32, 226-ஆவது பிரிவுகளின் கீழ் உச்ச நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் உள்ள அதிகாரத்தை 6-ஆவது பிரிவு கட்டுப்படுத்தாது. மாநிலத்தின் ஒப்புதல் இல்லாமலே அவை சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிடலாம். அதே தீர்ப்பு ஒரு கடிவாளத்தையும் போட்டது. இந்த அதிகாரத்தை அரிதாக, எச்சரிக்கையோடு, அசாதாரணச் சூழலில்தான் பயன்படுத்த வேண்டும். உள்ளூர் போலீஸ் மீது யாரோ குற்றம் சாட்டினார் என்பதற்காக வழக்கமாகச் செய்யக் கூடாது.

மனுதாரருக்கு வழி திறந்ததும் இந்தத் தீர்ப்புதான். அரசுத் தரப்பு ஒவ்வொரு முறையும் எடுத்து நீட்டுவதும் இதே தீர்ப்பைத்தான்.

2013 ஆகஸ்டில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் அளவுகோலை இன்னும் தெளிவாக்கியது. போலீசார் தன்னைத் தாக்கியதாகச் சென்னைக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் தொடர்ந்த வழக்கு அது. சம்பவம் நடந்தது 1998-இல். மாநிலத்தின் உயர் அதிகாரிகளே குற்றச்சாட்டுக்கு ஆளாகியிருந்தால், அவர்கள் விசாரணையில் தலையிடும் வாய்ப்பிருந்தால், நடந்த விசாரணை ஒருதலைப்பட்சமானது என்று முதல் பார்வையிலேயே தெரிந்தால் மாற்றலாம் என்றது நீதிமன்றம். இத்தனையும் சொல்லிவிட்டு, அந்த வழக்கில் மாற்ற மறுத்துவிட்டது. பலர் அதில் உள்ள அளவுகோலை மேற்கோள் காட்டுவார்கள், முடிவைச் சொல்லமாட்டார்கள். எதிர்த்தரப்பு எழுந்து முடிவைப் படித்ததும் வாதம் சரிந்துவிடும். ஆகவே ஜூனியர்களை அந்தத் தீர்ப்பை முழுதாகப் படிக்கச் சொல்வார் அவர்.

தென்மாவட்ட வழக்கறிஞர்களுக்கு இந்தத் துறையில் பெரிய பாடம் சாத்தான்குளம். 2020 ஜூன் 19 அன்று வியாபாரி ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் போலீசார் பிடித்துச் சென்றார்கள். 22-ஆம் தேதி இரவு பென்னிக்ஸ் இறந்தார். மறுநாள் காலை ஜெயராஜும் இறந்தார். நீதிபதிகள் பி.என். பிரகாஷ், பி. புகழேந்தி அமர்வு தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது. வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றப்போவதாக அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமியே அறிவித்தார். மாற்றுவதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அப்படியானால் நீதிமன்றத்துக்கு என்ன வேலை மிச்சம் இருந்தது?

சாட்சியத்தைக் காப்பாற்றும் வேலை மிச்சம் இருந்தது. உயர் நீதிமன்றம் கோவில்பட்டி நீதித்துறை நடுவரை நேராகக் காவல் நிலையத்துக்கு அனுப்பியது. அவர் கொடுத்த அறிக்கையில் இருந்த ஒரு தகவலை மதுரை வழக்கறிஞர்கள் மறக்கவே மாட்டார்கள். நிலையத்துக் கேமராவின் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு டெராபைட் இடம் இருந்தது. ஆனாலும், பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைத்து வைத்திருந்தார்கள். சம்பவ இரவின் காட்சிகள் இல்லை. லத்திகளிலும் மேசையிலும் ரத்தக்கறை இருந்ததைத் தலைமைக் காவலராக இருந்த பெண் ஒருவர் அச்சத்தோடு சொன்ன வாக்குமூலமும் அந்த அறிக்கையில் இருந்தது. நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர ஏற்பாடு செய்தது நீதிமன்றம். காவல் நிலையம் ஒன்றை வருவாய்த் துறையினர் காவல் காக்க நேர்ந்தது.

ஜூன் 30 அன்று வந்த உத்தரவுதான் இன்றும் முன்மாதிரி. டெல்லியிலிருந்து ஒப்புதல் வந்து, சி.பி.ஐ. வழக்குப் பதிந்து, அதிகாரிகள் வந்து சேரும்வரை நாட்கள் ஓடும். அதற்குள் தடயங்கள் மறையக்கூடும். அதனால் சி.பி.ஐ. ஏற்கும்வரை மாநிலக் காவல் துறையின் சி.பி.சி.ஐ.டி. பிரிவு உடனடியாக விசாரிக்கட்டும் என்றது அமர்வு. அடுத்த இரண்டு நாட்களுக்குள் கைதுகள் நடந்தன. ஜூலையில் சி.பி.ஐ. வந்தபோது, பொறுக்கி எடுக்க ஏதோ மிஞ்சியிருந்தது என்றால் இந்த இடைக்கால ஏற்பாட்டால்தான். செப்டம்பர் முடிவதற்குள் ஒன்பது போலீசார் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது.

2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் போலீசார் விசாரணையின்போது இறந்த வழக்கிலும் மதுரைக் கிளை இதே வழியில் போனது. மாவட்ட நீதிபதி ஒருவரை விசாரிக்க நியமித்து அறிக்கை கேட்டது. ஜூலை 1 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றினார், அறிக்கை வந்ததும் சி.பி.ஐ.க்குக் காலக்கெடு விதித்தது நீதிமன்றம்.

இந்த இரண்டு வழக்குகளுக்கும் பிறகு அந்த வழக்கறிஞர் தம் மனுக்களின் அமைப்பையே மாற்றிக்கொண்டார். சி.பி.ஐ.க்கு மாற்றக் கேட்கும் ஒவ்வொரு மனுவோடும் ஓர் இடைக்கால மனு கட்டாயம் போகும். கேமரா பதிவுகளை, தொலைபேசி அழைப்பு விவரங்களை, நிலையத்தின் பொது நாட்குறிப்பை, மருத்துவமனைப் பதிவேட்டைப் பாதுகாக்க உத்தரவு கேட்கும் மனு. மூல மனு ஆறு மாதம் கழித்துத் தோற்றால்கூட, இந்த உத்தரவால் காப்பாற்றி வைத்த ஆவணம் விசாரணை நீதிமன்றத்தில் உதவும். மாற்றுப் பரிகாரத்தையும் சேர்த்தே கேட்பார்: சி.பி.ஐ. இல்லையென்றால் சி.பி.சி.ஐ.டி., அதுவும் இல்லையென்றால் வேறு மாவட்டத்து அதிகாரி. மாஜிஸ்திரேட்டால் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட முடியாது; 2001-இலேயே உச்ச நீதிமன்றம் அதைச் சொல்லிவிட்டது. ஆனால் உள்ளூர் விசாரணை ஒழுங்காக நடக்கிறதா என்று மாஜிஸ்திரேட் கண்காணிக்கலாம் என்று 2007-இல் சாகிரி வாசு வழக்கில் சொன்னதும் அதே நீதிமன்றம்தான். பல குடும்பங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது இந்தக் கண்காணிப்புதான். செலவும் அலைச்சலும் குறைவு.

குற்றம் சாட்டப்பட்டவர் மாற்றத்தை எதிர்க்க முடியுமா? சட்டம் இங்கே கறாராக இருக்கிறது. குட்கா ஊழல் வழக்கை 2018 ஏப்ரல் 26 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ.க்கு மாற்றியது, தி.மு.க. எம்.எல்.ஏ. ஜெ. அன்பழகன் தொடர்ந்த வழக்கு அது. அமைச்சர் முதல் போலீஸ் உயர் அதிகாரிகள்வரை குற்றச்சாட்டுக்கு ஆளாகியிருந்தார்கள். தம்மைக் கேட்காமல் உத்தரவிட்டது தவறு என்று சுகாதாரத் துறை அதிகாரி ஒருவர் உச்ச நீதிமன்றம் போனார். யார் விசாரிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கிடையாது என்று மே மாதத்தில் அந்த மனு தள்ளுபடியானது. சமூகச் செயற்பாட்டாளர்கள் கைது தொடர்பாக ரொமிலா தாப்பர் தொடர்ந்த வழக்கிலும் அதே ஆண்டு செப்டம்பரில் பெரும்பான்மைத் தீர்ப்பு இதையே சொன்னது. 2020 மே மாதம், தம் மீதான வழக்கை மும்பை போலீசிடமிருந்து சி.பி.ஐ.க்கு மாற்றக் கேட்ட பத்திரிகையாளர் அர்னாப் கோஸ்வாமிக்கும் அந்தப் பதில்தான் கிடைத்தது.

மாநில அரசின் எதிர்ப்பு வேறு வகை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சி.பி.சி.ஐ.டி. விசாரிக்கிறது, கைதுகள் நடந்துவிட்டன, மாற்ற அவசியமில்லை என்றது அரசு. நவம்பர் 20 அன்று உயர் நீதிமன்றம் சி.பி.ஐ.க்கு மாற்றியது. அரசின் மேல்முறையீட்டை டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சாராயம் ஊருக்குள் வெளிப்படையாக விற்பனையானது போலீசுக்குத் தெரியாமல் நடந்திருக்க முடியுமா என்ற கேள்விக்குத் திருப்தியான பதில் இல்லாதபோது, அந்தப் போலீசே விசாரிப்பதை எந்த நீதிமன்றமும் எளிதில் ஏற்காது.

மாற்றமே தவறு என்று நீதிமன்றம் சொன்னதும் உண்டு. சிலைக் கடத்தல் வழக்குகளை ஐ.ஜி. பொன். மாணிக்கவேல் தலைமையிலான பிரிவு விசாரித்துக்கொண்டிருந்தபோது, 2018 ஆகஸ்டில் தமிழக அரசு அவற்றை சி.பி.ஐ.க்கு மாற்றி அரசாணை போட்டது. ஓடிக்கொண்டிருக்கும் விசாரணையை நிறுத்தத்தான் இந்த மாற்றம் என்று மனுக்கள் வந்தன. நவம்பர் 30 அன்று உயர் நீதிமன்றம் அரசாணையை ரத்து செய்தது. அன்றோடு ஓய்வுபெறவிருந்த அதிகாரியைச் சிறப்பு அதிகாரியாக நியமித்தது. மாற்றுவதன் நோக்கம் என்ன, யாருக்கு லாபம் என்று பார்க்காமல் சி.பி.ஐ. என்ற பெயரைக் கேட்டதும் நீதி கிடைத்துவிட்டதாக நினைப்பவர்களுக்கு அந்த மதுரை வழக்கறிஞர் இந்த வழக்கைத்தான் எடுத்துச் சொல்வார்.

தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ. விஷயத்தில் கணக்கே வேறு. மும்பைத் தாக்குதலை அடுத்து வந்த 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாநிலத்தின் ஒப்புதல் என்ற பேச்சே இல்லை. அட்டவணைக் குற்றம் பற்றி மாநிலம் அறிக்கை அனுப்பினால், 15 நாட்களுக்குள் மத்திய அரசு முடிவெடுக்க வேண்டும், தானாகவும் எடுத்துக்கொள்ளலாம். 2022 அக்டோபர் 23 அன்று கோவை கோட்டை ஈஸ்வரன் கோயில் அருகே கார் வெடித்த வழக்கில் மாநில அரசே பரிந்துரைத்தது. சில நாட்களில் என்.ஐ.ஏ. எடுத்துக்கொண்டது. சமூகச் செயற்பாட்டாளர்கள் கைதான அந்த பீமா கோரேகான் வழக்கில் நடந்தது இதற்கு நேர்மாறு: மகாராஷ்டிரத்தில் ஆட்சி மாறி, பழைய விசாரணையை மறுபடி பார்க்கலாம் என்ற பேச்சு எழுந்த நேரத்தில், 2020 ஜனவரியில் மத்திய அரசு வழக்கை என்.ஐ.ஏ.விடம் ஒப்படைத்தது. அதே மாதம் சத்தீஸ்கர் அரசு இந்தச் சட்டத்தையே எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது.

என்.ஐ.ஏ. வழக்குகளில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் நம்பியிருந்த இரண்டு வாசல்களும் அடைபட்டுவிட்டன. மாநில போலீஸ் பதிந்த வழக்கை என்.ஐ.ஏ. மறுபடி பதிவது இரண்டாவது முதல் தகவல் அறிக்கை ஆகாது என்று 2019-இல் ஜார்க்கண்ட் வழக்கில் தீர்ப்பு வந்தது. மத்திய அரசு உத்தரவிட்ட பிறகும் என்.ஐ.ஏ. உண்மையில் வழக்கை ஏற்கும்வரை மாநில போலீஸ் விசாரணையைத் தொடரலாம் என்று 2021 அக்டோபரில் மகாராஷ்டிர வழக்கில் சொன்னார்கள். இடைப்பட்ட காலத்தில் தாக்கலான குற்றப்பத்திரிகை செல்லாது, ஆகவே ஜாமீன் கொடுங்கள் என்ற வாதம் அதோடு முடிந்தது.

உத்தரவு வாங்கியதும் வேலை முடிந்துவிட்டதாகக் கட்சிக்காரர்கள் நினைக்கிறார்கள். தாமதம் அங்கேதான் தொடங்குகிறது. உள்ளூர் ஆய்வாளர் கேஸ் டைரியை, சாட்சி வாக்குமூலங்களை, மகஜர்களை, பறிமுதல் பொருட்களை நீதிமன்றத்துக்கு அனுப்பிய படிவம் 95-ஐ, தடய அறிவியல் ஆய்வகத்துக்கு எழுதிய கடிதங்களைக் கட்டிக் கொடுக்க வேண்டும். ஒரு வழக்கில் அப்படி வந்த கட்டில் மகஜர் இருந்தது, அதில் குறிப்பிட்டிருந்த செல்போன் மட்டும் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அதைத் தேடியே மாதங்கள் போயின. அதிலிருந்து, எந்தெந்த ஆவணத்தை எந்தத் தேதிக்குள் ஒப்படைக்க வேண்டும் என்ற பட்டியலை உத்தரவிலேயே சேர்க்கும்படி நீதிபதியிடம் அந்த வழக்கறிஞர் கேட்டுக்கொள்கிறார்.

சி.பி.ஐ. எடுத்தும் துலங்காத வழக்குக்குத் திருச்சியே சாட்சி. 2012 மார்ச் 29 அன்று கொலையான தொழிலதிபர் கே.என். ராமஜெயம் வழக்கை முதலில் உள்ளூர் போலீசும் பிறகு சி.பி.சி.ஐ.டி.யும் விசாரித்தன. 2017-இல் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ.க்கு மாற்றியது. முன்னேற்றம் இல்லை. 2022 பிப்ரவரியில் அதே உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு ஒன்றிடம் வழக்கை ஒப்படைத்தது.

வாசகர்களில் யாருக்கும் இப்படியொரு மனு போடும் நிலை வரக் கூடாது. வந்துவிட்டால் அந்த வழக்கறிஞர் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். சம்பவம் நடந்த நாளிலிருந்தே தேதிவாரியாக எழுதி வையுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு மனுவுக்கும் ரசீது வாங்குங்கள். பக்கத்துக் கடையின் கேமரா பதிவைப் பாதுகாக்கச் சொல்லி அன்றே எழுத்து மூலம் கேளுங்கள். மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டு நீதிமன்றத்துக்கு வராதீர்கள். சி.பி.ஐ.க்கு மாற்றி உத்தரவு வந்தால், கண்காணிப்பும் காலக்கெடுவும் அதில் இருக்கின்றனவா என்று உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள். இல்லையென்றால் அதைக் கேட்டு உடனே மறுபடி நீதிமன்றத்துக்குப் போங்கள்.